அறுபத்திரண்டில் நின்ற கூரை

மார்ச் 4

தம்பிக்கு,

உன்னோடு பேசமாட்டேன் என்றுதான் நான்கு வருடம் முன்பு சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் இதைப் படித்த கையோடு போன் போடாதே. போட்டாலும் எடுக்கமாட்டேன். பதிலை எழுதி அனுப்பு. உன் கோழிக் கிறுக்கலை என்னைத் தவிர யாராலும் படிக்க முடியாது என்பதும் ஒரு வசதி.

எனக்கு ஒரு பிராசஸர் வேண்டும். எட்டு கோருக்குக் குறையக் கூடாது. கொடுக்கிற காசுக்கு உழைக்கிறதாக இருக்க வேண்டும். ஊரில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறவர்கள் நூறு பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்கலாம்தான். ஆனால் எதற்கு என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. உன்னிடம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நீ செய்து கொடுத்த பழைய மெஷின் என் பின்னறையில் இருக்கிறது. எவ்வளவு எடை தாங்கும் என்று நான் கணக்குப் போட்டுக் கொடுத்த கோடவுன் கூரை விழுந்து, ஸ்டோர்கீப்பர் செத்து, விசாரணை முடிந்து, ஆபீஸை மூடிய நாளிலிருந்து அதன் மேல் ஒரு போர்வையைப் போட்டு வைத்திருந்தேன். போன மாதம் என் பெண் அவள் தாத்தாவின் படங்களைக் கேட்டாள். படங்கள் அதில்தான் இருந்தன. பிளக்கைச் சொருகி, எடுத்துக் கொடுத்துவிட்டு, அணைத்தேன். பிளக்கைப் பிடுங்க மறந்துபோனேன்.

மறுநாள் மதியம் கரண்ட் போய் இருபது நிமிடத்தில் வந்தது. வந்து பத்து நிமிடம் இருக்கும். நான் சமையலறையில் நிற்கிறேன். பின்னறையில் யாரோ மூச்சு வாங்குகிற மாதிரி சத்தம். போய்ப் பார்த்தால் போர்வையின் ஓரம் ஆடுகிறது, மெஷின் ஓடுகிறது. திரையில் அந்தக் கூரை. அடியில் இருக்கிற கோடு அறுபத்தொரு சதவீதத்திலிருந்து ஊர்ந்து அறுபத்திரண்டுக்கு வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. மவுஸ் அசையவில்லை. ஃபேன் மட்டும் கத்திக்கொண்டே இருந்தது.

பிளக்கைப் பிடுங்கினேன். அரைமணி நேரம் கழித்து நானே மறுபடியும் சொருகினேன். ஏன் என்று கேட்காதே. இதுவரை பதினொரு தடவை ஆகிவிட்டது. பதினொரு தடவையும் அறுபத்திரண்டுதான்.

பேய் பிசாசை நான் நம்பமாட்டேன், உனக்குத் தெரியும். செத்தவர் வந்து என் கணக்கைப் போட்டுப் பார்க்கமாட்டார். ஆனாலும் இது முடிந்தாக வேண்டும் என்று யாரோ அங்கே பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. அந்தக் கணக்கை முடிக்கக்கூடிய ஒரு பிராசஸரைச் சொல்.

அக்கா


மார்ச் 11

அக்கா,

உன் கையெழுத்தைக் கவரில் பார்த்ததும் கடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வாடிக்கையாளர் ஒருவர் "என்னங்க, யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை, ஒருவர் உயிரோடு வந்திருக்கிறார் என்றேன்.

முதலில் பேயை ஓட்டிவிடுகிறேன். அது தானாக ஆன் ஆகவில்லை. கரண்ட் போய் வந்தால் மெஷின் தானே எழுந்துகொள்ள வேண்டும் என்று நான்தான் பயாஸில், அதாவது மெஷின் விழிக்கும்போதே படிக்கிற அடிப்படை அமைப்பில், வைத்துக் கொடுத்தேன். உன் பழைய ஆபீஸில் கரண்ட் படுத்திய பாடு ஞாபகம் இருக்கிறதா? பத்து நிமிடம் யாரும் கைவைக்காவிட்டால் விட்ட கணக்கை விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்று கேட்டது நீ. இரண்டும் சேர்ந்துதான் உனக்குப் பூச்சி காட்டுகிறது. பிளக்கைப் பிடுங்கு. பிடுங்கினால் பிடுங்கியபடியே விடு.

இனி பிராசஸர். கோர் எண்ணிக்கையைப் பார்த்து வாயைப் பிளக்காதே. ஒவ்வொரு கோரும் பிராசஸருக்குள் தனியாக வேலை செய்கிற ஒரு ஆள், அவ்வளவுதான். பன்னிரண்டு, பதினாறு என்று அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பான். உன் மென்பொருள் எத்தனை கோரை உண்மையில் வேலை வாங்கும் என்பதுதான் கேள்வி. எட்டுக்கு மேல் அதற்குக் கையாளத் தெரியாது என்றால் மீதி எல்லாம் கல்யாண வீட்டில் சும்மா நிற்கிற சொந்தக்காரர்கள்தான். போன தலைமுறை எட்டு கோர் எதையாவது எடு. புதிது வந்ததும் பழையது மரியாதையாக இறங்கி வந்துவிடும். ஒரே சில்லைத்தான் கொஞ்சம் வேகத்தைக் குறைத்து வைத்து விலை குறைவாக ஒன்று, வேகத்தைக் கூட்டி வைத்து விலை கூட ஒன்று என்று இரண்டு பெயரில் விற்பான். விலை குறைந்ததே போதும். கூடவே வருகிற குட்டி கூலரைக் கடாசிவிட்டு நல்ல கூலராக ஒன்று போடு. சூடு கடத்த நடுவில் வைக்கிற பேஸ்ட்டைப் பட்டாணி அளவுக்கு மேல் தடவாதே. பழைய போர்டு புது பிராசஸரை ஏற்காது, ஆகவே போர்டு, மெமரி எல்லாம் மாற்ற வேண்டி வரும். பவர் சப்ளை பழையதே தாங்கும் என்று நினைக்கிறேன், அதையும் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

ஆனால் அக்கா, முடிந்துபோன கேஸ் அது. இப்போது எதற்கு?

குட்டிக்கு இப்போது பதினொரு வயதா? படம் ஒன்று அனுப்பு.

தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

பிராசஸரைப் பற்றி ஒரு பக்கம். கூரையைப் பற்றி ஒரு வரி. சின்ன வயதிலிருந்தே எதையாவது மறைக்கும்போதுதான் உனக்கு வாய் நிற்காது. விசாரணைக்கு முந்தின நாள் உன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "மெஷின்ல ஏதாவது கோளாறு இருந்துச்சாடா?" நீ என்ன சொன்னாய்? "என் பேரை இதுல இழுத்துவிடாத"ன்னு சொல்லிவிட்டு செருப்பை மாட்டிக்கொண்டு போனாய். அந்த முதுகைத்தான் நான்கு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சரி. நீ சொல்லாததை நீ வைத்துக்கொள். நான் சொல்லாததைச் சொல்கிறேன். இது வேறு யாருக்கும் தெரியாது.

கூரை இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தால் பாதியை மட்டும் கணக்குப் போட்டால் போதும். மறுபாதி கண்ணாடியில் தெரிகிற மாதிரி அதேதான். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது. ஆனால் கோடவுன்காரர் கடைசி மாதத்தில் கிழக்குச் சரிவில் இரண்டு பெரிய குளிரூட்டும் யூனிட்களை வைக்கச் சொல்லி வரைபடத்தை மாற்றினார். அதற்குப் பிறகு பாதிக் கணக்கு செல்லாது. முழுக் கூரையையும் போட வேண்டும். அதற்குத்தான் மெஷினின் வேகத்தைக் கூட்டித் தரச் சொல்லி உன்னிடம் வந்தேன்.

சமர்ப்பிக்க வேண்டிய நாளுக்கு முந்தின மாலை அது அறுபத்திரண்டில் நின்றது. உனக்குப் போன் செய்தேன். "மறுபடி போட்டுப் பாரு"ன்னு சொன்னாய். நான்கு தடவை போட்டேன். பிறகு என்ன செய்தேன் தெரியுமா? ஏற்கனவே முடித்து வைத்திருந்த மேற்குப் பாதிக் கணக்கை எடுத்தேன். 0.87 என்று இருந்தது. ஒன்றுக்குக் கீழே இருந்தால் இரும்பு தாங்கும். அந்த எண்ணையே கிழக்குக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு யூனிட்தானே, என்ன பெரிய எடை என்று நினைத்தேன். இப்போதும் சத்தியமாக எனக்குத் தெரியாது, அது பெரிய எடையா இல்லையா என்று.

கூரை கிழக்குப் பக்கம்தான் விழுந்தது. ஸ்டோர்கீப்பர் நாற்காலியை அங்கேதான் போட்டிருந்தார், குளிர்ச்சியாக இருக்கும் என்று. நான் அளவெடுக்கப் போனால் டேப்பின் மறுமுனையைப் பிடிக்க முதலில் ஓடி வருகிற மனிதர் அவர். விசாரணையில் கிழிந்த இடத்தைப் பார்த்தார்கள். கிழிந்த இடத்தில் வெல்டிங் இருந்தது. வெல்டரைப் பிடித்துப் போட்டார்கள். நான் கூண்டில் நின்று, 0.87 வந்தது என்றேன். பொய் இல்லை. எந்தப் பாதிக்கு என்று யாரும் கேட்கவில்லை.

வெல்டர் இரண்டு வருடம் உள்ளே இருந்துவிட்டு வந்துவிட்டார். இப்போது ஒரு பள்ளிக்கூட வாசலில் சைக்கிளுக்கு டோக்கன் கொடுக்கிறார். போன மாதம் அந்த வழியாகப் போனேன். என்னைப் பார்த்து எழுந்து நின்று வணக்கம் சொன்னார், தம்பி. எனக்கு எழுந்து நின்றார்.

எனக்கு முழுக் கூரையின் எண் தெரிய வேண்டும். அவர் செய்ததா, நான் செய்ததா? அதற்குத்தான் பிராசஸர்.

அக்கா


மார்ச் 27

அக்கா,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நான்காவது தடவை முடியவில்லை.

பிராசஸர் ஆர்டர் போட்டிருக்கிறேன். சரக்கு வரவில்லை. அடுத்த மாதம் புது மாடல் வருகிறது என்கிறார்கள், வந்தால் விலை இன்னும் இறங்கும். கொஞ்சம் பொறு.

நான் இப்போது யாருக்கும் ஓவர்கிளாக் செய்து கொடுப்பதில்லை, தெரியுமா? பிராசஸரை அதன் சொந்த வேகத்துக்கு மேல் விரட்டுகிற அந்த வித்தைதான் ஒரு காலத்தில் என் கடையின் பெயரே. இப்போது கேட்டு வருகிற பையன்களைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பிவிடுகிறேன். சாதா மெஷினையே மூன்று நாள் ஓட விட்டுச் சோதித்துத்தான் வெளியே விடுகிறேன். "அண்ணே, கம்ப்யூட்டர் கேட்டா கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கிற மாதிரி இழுக்கறீங்களே" என்று கிண்டல் செய்கிறார்கள். சோதனை ஓடும்போது என்னால் கடைக்குள் உட்கார முடியாது. எதிரே டீ குடிக்கிற சாக்கில் போய் நின்றுகொள்வேன். எட்டு கோரும் முழு மூச்சில் ஓடும்போது வருகிற சத்தம் இருக்கிறதே, அதற்குள் யாரோ என்னைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

கொஞ்சம் பொறு அக்கா.

தம்பி


ஏப்ரல் 2

விலை இறங்கும் வரை பொறுக்க வேண்டுமா? ஒரு மனிதர் டோக்கன் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நீ தள்ளுபடி வரட்டும் என்கிறாய்!

நேற்று மதியம் கரண்ட் போய் வந்தபோது என் பெண் பின்னறையில் படித்துக்கொண்டிருந்தாள். நான் ஓடிப் போய்ப் பார்த்தால் மெஷினின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "அம்மா, இதுக்குக் காய்ச்சல் அடிக்குதும்மா, பாவம்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளை அந்த அறையிலிருந்து தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தேன். ஏன் இழுக்கிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை.

ஏன் எப்போதும் அதே அறுபத்திரண்டு? அதை மட்டும் சொல். நீ எதை மறைக்கிறாய்?


ஏப்ரல் 9

அக்கா,

புது பிராசஸர் வேண்டாம். நான் எதையும் ஆர்டர் போடவில்லை. பொய் சொன்னேன்.

இருக்கிறதே போதும். அன்றைக்கும் அதுவே போதுமாயிருந்தது.

அந்த பிராசஸரை உனக்கு நான்தான் தேர்ந்தெடுத்தேன். விலை குறைந்தது. நான் முதல் கடிதத்தில் எழுதினேனே, ஒரே சில்லின் இரண்டு பெயரில் மலிவானது. அதன் வேகம் 3.7 கிகாஹெர்ட்ஸ். நான் அதை 4.5க்கு ஏற்றினேன். நீ என் கடையில் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். வீட்டில் எல்லோர் முன்னாலும் என்னை அரைகுறை, அரைகுறை என்பாய். எதை எடுத்தாலும் பாதியில் விடுகிறவன். அன்றைக்கு உன்னை அசத்திவிட வேண்டும் என்று எனக்கு வெறி.

சோதனையை ஓட விட்டேன். நாற்பதாவது நிமிடம் எட்டில் ஆறாவது கோர் தப்பு காட்டியது. எட்டும் சேர்ந்து சூடானால் அந்த ஒன்றால் 4.5ஐத் தாங்க முடியவில்லை. நீ அப்போது போனில் பேசிக்கொண்டிருந்தாய். நான் திரையில் அந்தச் சோதனை ஜன்னலை மூடிவிட்டேன். வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றி, பத்து நிமிடம் மட்டும் ஓட்டி, பச்சை வந்ததும் உன்னைக் கூப்பிட்டேன். "தலைகீழா நின்னாலும் இனி இது ஹேங் ஆகாதுக்கா" என்றேன். நீ என் முதுகில் தட்டினாய்.

உன் கணக்கில் அறுபத்திரண்டு வரை எல்லா கோருக்கும் ஒரே நேரத்தில் வேலை இல்லை. அங்கேதான் எட்டும் சேர்ந்து இழுக்க ஆரம்பிக்கின்றன. ஆறாவது படுத்துவிடுகிறது. வேறு ஒன்றும் இல்லை.

அன்று மாலை நீ போன் செய்து "அறுபத்திரண்டுல நிக்குதுடா" என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. வேகத்தைப் பழையபடி இறக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இரண்டு நிமிட வேலை. மீதிக் கணக்கு ஆறு மணி நேரத்தில் முடிந்திருக்கும். காலையில் உன் கையில் சரியான எண் இருந்திருக்கும். ஆனால் இறக்கு என்றால் ஏன் என்று கேட்பாய். அதனால் மறுபடி போட்டுப் பார் என்றேன்.

இதைத்தான் விசாரணைக்கு முந்தின நாள் நீ கேட்டாய். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

இனி நீ செய்ய வேண்டியது: ஆன் செய்ததும் டெலீட் கீயைத் தட்டிக்கொண்டே இரு. நீலத் திரை வரும். கடைசிப் பக்கத்தில் டீஃபால்ட் என்று இருக்கும், அதைக் கொடுத்து, எஃப் 10 அழுத்திச் சேமி. மெஷின் அதன் சொந்த வேகத்துக்கு வந்துவிடும். பிறகு தொடாமல் விடு.

அது முடிக்கும் அக்கா.

தம்பி


ஏப்ரல் 17

தம்பிக்கு,

இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கோபம். முதல் மூன்று நாள் உன்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதிக் கிழித்தேன். அதில் நீ இதுவரை கேட்டிராத வார்த்தைகள் இருந்தன.

நான்காம் நாள் காலை ஒன்பது மணிக்கு நீ சொன்னபடி செய்தேன். பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தேன். ஃபேன் முன்புபோலக் கத்தவில்லை. அறுபத்திரண்டு வந்தபோது என்னையறியாமல் எழுந்து நின்றேன். அறுபத்துமூன்று ஆனது. அதற்குப் பிறகு உட்காரவே இல்லை. மூன்றேகால் மணிக்கு முடிந்தது.

கிழக்குச் சரிவில், யூனிட்கள் இருந்த இடத்துக்கு நேர் கீழே, கிழிந்துபோன அதே இணைப்பு. எண் 1.31.

எந்த வெல்டர் போட்ட எந்த வெல்டிங்கும் அங்கே நின்றிருக்காது. உலகத்திலேயே கெட்டிக்கார வெல்டர் வந்து பற்றவைத்திருந்தாலும் அது கிழிந்திருக்கும்.

முழுப் பழியையும் நீ தூக்கித் தலையில் வைத்துக்கொள்ளாதே. மெஷின் நின்றது உன்னால். ஆனால் நிற்கிற மெஷின் தப்பான எண்ணைத் தரவில்லை, எந்த எண்ணையும் தரவில்லை. எண்ணை எழுதிக் கொடுத்தது நான். உன்மேல் கோபமாக இருந்த நான்கு வருடமும் எனக்கு ஓரளவு தூக்கம் வந்தது. இப்போது கோபப்பட ஆள் இல்லை.

வெல்டரைப் போய்ப் பார்க்கப் போகிறேன். பிறகு விசாரணை ஆபீஸில் எழுதிக் கொடுப்பேன்.

அக்கா


ஏப்ரல் 21

அக்கா, அவசரப்படாதே. ஒரு வக்கீலைக் கேட்டுக்கொண்டு போகலாம். உள்ளே தள்ளினால் குட்டியை யார் பார்ப்பது? வெல்டர் தண்டனையை அனுபவித்து முடித்துவிட்டார், நீ போய்ச் சொல்வதால் அந்த இரண்டு வருடம் திரும்பி வருமா? இதை எழுதும்போதே எனக்கு என்னைப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், நீ என் அக்கா. எழுதிக் கொடுப்பதாக இருந்தால் என் பெயரையும், ஆறாவது கோரையும், அந்தப் போனையும் விடாமல் எழுது. விட்டாயானால் நானே தனியாகப் போய் எழுதிக் கொடுத்துவிடுவேன்.

தம்பி


ஏப்ரல் 28

தம்பிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே போய்விட்டு வந்துவிட்டேன்.

பள்ளி மணி அடித்து எல்லோரும் உள்ளே போயிருந்தார்கள். வெல்டர் டோக்கன் அட்டைகளை நூலில் கோத்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கப் பார்த்தார், தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். பக்கத்தில் ஒரு சைக்கிள் நிறுத்தும் மேடையில் நானும் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பாதிக் கூரை, யூனிட்கள், நின்றுபோன மெஷின், 1.31. அவர் கோத்துக்கொண்டே இருந்தார். நான் முடித்ததும் கேட்டார்.

"அப்ப என் வெல்டிங்?"

"உங்க வெல்டிங்ல ஒரு குறையும் இல்லைங்க. தப்பு என்னுது."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தேன். அவர் அட்டைகளைக் கீழே வைத்துவிட்டுத் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ள இருக்கும்போது தினம் அந்த ஜாயிண்ட்ட மனசுக்குள்ள போட்டுப் பாப்பேம்மா. எங்க தப்பு விட்டேன்னு தேடுவேன். ஒரு வருஷம் தேடுனேன். அப்புறம் கெடைச்சிருச்சு. மூணாவது வெல்டிங் ராடு மாத்தும்போது கை நடுங்கிச்சு, அதான்னு. நெஜமாவே நடுங்கின மாதிரி ஞாபகம் இருக்கு. இப்பவும் இருக்கு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார்.

"வெளிய வந்த அன்னிக்கே ஸ்டோர்கீப்பர் வீட்டுக்குப் போனேன். நான்தாம்மா கொன்னுட்டேன்னு அந்தம்மா கால்ல விழுந்தேன். கதவச் சாத்திட்டாங்க. மறு வாரமும் போனேன். அதுக்கு மறு வாரமும் போனேன். ஆறு மாசம் கழிச்சு உள்ள வாங்கன்னு சொல்லி ஒரு சொம்பு தண்ணி குடுத்தாங்க. அன்னிலேர்ந்து ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போறேன். குழாய், தாழ்ப்பாள், எது ஒடைஞ்சாலும் நான்தான் பாக்கிறேன். அவங்க பொண்ணு என்னைச் சித்தப்பான்னு கூப்புடுது. எனக்கும் வேற யாரும் இல்ல, உள்ள போனதும் எல்லாரும் போயிட்டாங்க."

கீழே வைத்த அட்டைகளை எடுத்து மறுபடி நூலில் கோக்க ஆரம்பித்தார்.

"நீங்க சொல்றது நல்ல சேதிதாம்மா. எனக்குத் தெரியுது. ஆனா நான் பண்ணலைன்னு ஆயிருச்சுன்னா, இனிமே அந்த வீட்டுக்குள்ள நான் என்னன்னு சொல்லிக்கிட்டுப் போறது?"

தம்பி, அந்த வீட்டில் சொல்லாமல் இருந்துவிடட்டுமா என்றுகூடக் கேட்டேன். வெட்கமாக இருக்கிறது, கேட்டேன். வேண்டாம்மா, அவங்களுக்குத் தெரியணும் என்றார். ஆனால் தன் வாயால் சொல்ல முடியாது என்றார்.

விசாரணை ஆபீஸில் நேற்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் பெயர் அதில் இருக்கிறது. குட்டிக்கு நானே சொன்னேன். வரும் ஞாயிறு பத்து மணிக்கு அவர் அந்த வீட்டுக்குப் போகிறார், நானும் போகிறேன். நீயும் வந்துவிடு. நாம் சொல்லி முடித்த பிறகு ஸ்டோர்கீப்பரின் பெண் அவரை என்னவென்று கூப்பிடுவாள் என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா